புலியைத் தேடிச் சென்றோம், சுவடு கண்டோம்

நண்பர் ஒருவரின் மகள் சுவிற்சர்லாந்தில் பிறந்தவள், வயது பத்து. 'பெற்றோரின் நாட்டு விலங்கு' பற்றி வகுப்பிலே பேசவேண்டும் என ஆசிரியை பணித்திருந்தார். புலி ஒன்றை வரைந்து, மஞ்சளும் கறுப்புமாக நிறந்தீட்டி எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தாள்.

"மாமா, ஊர்க் காட்டிலை நீங்கள் புலி கண்டனீங்களோ?"

விரிவுரை மண்டபத்திலே எத்தனையோ வினாக்களுக்கு விடையளித்த நாம், இவ்வினாவின் முன் சற்றுத் தயங்கவே நேர்ந்தது. இலங்கைக் காடுகளில் புலி இல்லை என்பதே உண்மை. இரத்தினபுரிக்கு அண்மையில் குருவிட்டையிலே புலியின் பல்லொன்று புதைபடிவமாகக் கிடைத்துள்ளது. அதன் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். அதன் பின் அங்கு வாழ்ந்ததும் இன்று வாழ்வதும் சிறுத்தையே. 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்துவும் யால வனமும் அதன் உறைவிடங்கள். போரினால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்த வில்பத்து 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. காட்டோர ஊர்களில் எம்மவர் புலியென்று சொல்லி அஞ்சியதும் இந்தச் சிறுத்தையைத்தான்.

பிள்ளையின் முகம் வாடிற்று. "அப்ப இங்கையாவது காட்டுவீங்களோ?" என்றாள். சூரிச் மிருகக்காட்சிச் சாலையிலே சைபீரியப் புலி உண்டு. ஆனால் கூண்டும் வேலியும் இல்லாத காட்டிலே பார்க்கவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். இவ்விதம்தான், பெப்ரவரி மாதத்து ஞாயிறொன்றில், நண்பரும் மகளும் நாமுமாக ஸ்பீஸ் நிலையத்தில் மாறி, ஸ்வைஸிம்மன் செல்லும் தொடருந்தில் ஏறினோம்.

தேடிச் சென்றது 'லுக்ஸ்' என ஜேர்மன் மொழியில் வழங்கும் விலங்கை. புலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் பூனையினங்களில் மிகப் பெரியது. எனினும் எடை ஏறத்தாழ 20 கிலோதான். பெரும் ஆண்புலியோ 200 கிலோவையும் தாண்டும். புள்ளியிட்ட தோல், குட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர்க்கற்றை என்பன இதன் அடையாளங்கள்.

இவ்விலங்கின் வரலாறு அகதிகளாகிய நாம் அறியவேண்டியது. காடுகள் வெட்டப்பட்டன, மான்கள் அருகின, வேட்டுக்கும் குறைவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் அது அற்றுப்போயிற்று. பின்னர் 1967இல் அதனைத் திரும்பக் கொணர மத்திய அரசு இசைந்தது. 1971இல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கார்பேத்திய மலைகளிலிருந்து பிடித்துவரப்பட்டவை ஒப்வால்டன் மாநிலத்திலே விடப்பட்டன. எல்லோரும் வரவேற்றனர் என்றில்லை. ஆடு வளர்ப்போர் சினந்தனர்; வேட்டைக்காரர் முணுமுணுத்தனர்; களவாகச் சுடப்பட்டவையும் உண்டு. இருந்தும் இன்று ஆல்ப்ஸ், யூரா மலைகளிலே சில நூறு வாழ்கின்றன. 2016 முதல் ஜேர்மனியின் பஃபால்ஸ் காட்டிலே விடப்பட்டவற்றுள் சிலவும் சுவிஸிலிருந்து சென்றவையே. வந்தேறியாக வந்தது, பிற நாட்டுக்கும் வித்தாயிற்று.

எமக்கு வழிகாட்டியவர் நண்பரின் தொழிற்சாலைத் தோழர். அவ்வூரில் செம்மறியாடும் வளர்ப்பவர். பனியிலே இரண்டு மணிநேரம் ஏறினோம். மரமொன்றில் கட்டப்பட்டிருந்த தானியங்கிக் கமராவைக் காட்டினார். ஒரு விலங்கின் புள்ளிகள் இன்னொன்றுக்கு இரா. ஆகவே படத்தைக் கொண்டே எண்ணிக்கையை மதிப்பிடுவர். கர்நாடகத்து நாகரகொளையில் 1990களில் உல்லாஸ் கரந்த் புலிகளை வரிகொண்டு கணக்கிட்டதும் இம்முறையிலேயே.

சற்று அப்பால், பாறையோரத்தில் அவர் சட்டென்று நின்றார். பனியிலே வட்டமான சுவடுகள். நாயின் சுவடெனில் நகம் பதிந்திருக்கும். பூனையினம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் இங்கே நகத்தின் தடயம் இல்லை. பிள்ளை குந்தியிருந்து, கையுறையைக் கழற்றி, சுவட்டின் அருகே தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இரண்டு வருடத்துக்கு முன் என் ஆடுகளில் இரண்டைக் கொன்றது" என்றார் அம்மனிதர். இழப்பீட்டில் 80 வீதத்தை மத்திய அரசும் எஞ்சியதை மாநிலமும் தருமென விளக்கினார். "பணம் வந்தது. கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதுவும் இங்கேதான் இருக்கவேண்டும்."

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பல ஆண்டுகளாக 'எஃப்' அனுமதியுடன், ஒவ்வொரு தடவையும் நீடிப்புக்குக் காத்திருப்பவர் அவர். பின் எம் காதருகே, "இதுக்கு என்ன விசா குடுத்திருக்கிறாங்கள்?" என்றார். சிரித்தோம். சிரித்து முடிந்தபின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று விலங்கு கண்ணிற் படவேயில்லை. மாலைத் தொடருந்தில், அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டுவிட்டுப் பிள்ளை தந்தையின் தோளிலே உறங்கிப்போனாள்.

பிறகு வகுப்பிலே அவள் புலியைப் பற்றிப் பேசவில்லை. வில்பத்துச் சிறுத்தையைப் பற்றியே பேசினாள் என்று அறிந்தோம். தான் கண்ட சுவட்டையும் பலகையிலே வரைந்து காட்டினாளாம். வரைந்த புலிப்படம் எம் மேசையில் இருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்கும்போது, அழகுக்காக இல்லாததைச் சொல்லாதீர்கள். எம் மண்ணின் காடும் குளமும் உயிரினங்களும் உள்ளவாறே சொல்லத் தகுதியானவை. தெரியாவிடின், தெரியாதென்று கூறிப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். விடுமுறை நாளிலே அவர்களை இந்நாட்டுக் காட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நடக்க அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை.