கடலடியில் நிறம் தரும் ஸ்ட்ரோப் விளக்கு: முதன்முறை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஈப்போவிலிருந்து லூமுட் படகுத்துறைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் போதும். அங்கிருந்து பங்கோர் தீவு, செம்பிலான் தீவுக் கூட்டம், மலாக்கா நீரிணையில் தள்ளி நிற்கும் ஜாராக் தீவு எனப் பேரா மாநிலத்திலேயே முக்குளிக்கும் இடங்கள் உண்டு. முக்குளிப்புப் பயிற்சியை முடித்த இளையோர் பலர் அடுத்துக் கையில் எடுப்பது கேமரா. ஆனால், கரையேறிப் படங்களைத் திறந்து பார்த்ததும் ஏமாற்றமே மிஞ்சும். அழகாகத் தெரிந்த பவளப்பாறை, படத்தில் நீலமும் சாம்பலுமாக வெளிறிக் கிடக்கும்.

உடனே நண்பர்கள் சொல்லும் யோசனை, "ஒரு ஸ்ட்ரோப் வாங்கு" என்பதுதான். கேமராவுக்கு வெளியே, கை போன்ற தாங்கியில் பொருத்தப்படும் நீர் புகாத ஃபிளாஷ் விளக்குதான் ஸ்ட்ரோப். பெயர் பெற்ற நிறுவனங்களின் தொடக்கநிலை ஸ்ட்ரோப்பே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவர், தம் கேமராவோடு சேராத ஒன்றை வாங்கிவிட்டால் அது அலமாரியில்தான் தூங்கும். அதனால், கடைக்குப் போகும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறம் எங்கே போகிறது?

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. கடல்நீர் அவற்றை ஒரே அளவில் உள்ளே விடுவதில்லை. முதலில் அடிபடுவது சிவப்பு. 5 மீட்டர் ஆழத்திலேயே அது வெகுவாகக் குறைந்து, 10 மீட்டரில் ஏறக்குறைய மறைந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலமும் பச்சையும்தான். காணாமல் போன நிறத்தைக் கணினியில் ஓரளவுக்கு மேல் மீட்க முடியாது. நிறத்தை நாமே கையோடு கொண்டு போவதுதான் வழி. அந்த வேலையைத்தான் ஸ்ட்ரோப் செய்கிறது.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. பிரான்சில் லூயி பூட்டான் 1893-இல் கடலடிப் படமெடுப்பைத் தொடங்கி, மெக்னீசியம் எரியும் விளக்கையும் பயன்படுத்திப் பார்த்தார். 1926-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் லாங்லி, மார்ட்டின் இருவரும் முதல் கடலடி வண்ணப் படங்களை எடுத்தபோது, மிதவையில் மெக்னீசியத் தூளை வெடிக்க வைத்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். இன்று அந்த வேலையை 4 சிறிய பேட்டரிகள் செய்துவிடுகின்றன.

மூடுபனியும் கலங்கிய நீரும்

கேமராவிலேயே ஃபிளாஷ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது மூடுபனியில் ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? பாதை தெரியாது, வெள்ளைத் திரைதான் தெரியும். அந்தக் காலத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் மரம் வெட்டப் போனவர்களும் இதை அறிவார்கள். பனியில் மிதக்கும் துளிகள் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணிலேயே அடிக்கும்.

கடலுக்குள்ளும் இதே கதைதான். நீரில் மிதக்கும் மண் துகளும் நுண்ணுயிரும், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆற்று மண் வந்து கலக்கும் மேற்குக் கரையில், தெளிவான கிழக்குக் கரையைவிட இந்தத் தொல்லை அதிகம். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால், லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்கள் மீது வெளிச்சம் அவ்வளவாகப் படாது. ஸ்ட்ரோப்பை வெளியே, தனிக் கையில் பொருத்துவதன் காரணம் இதுதான்.

உங்கள் கேமரா ஒத்துழைக்குமா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்களால் ஸ்ட்ரோப்பை இயக்க முடியாது. உறையில் போட்ட கைப்பேசிகளின் நிலையும் பெரும்பாலும் அதுதான். இவற்றை வைத்திருப்போர் தேட வேண்டியது, தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கு.

ஒலிம்பஸ் டி.ஜி.-6 போன்ற சிறிய கேமராக்களில் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. அந்த வெளிச்சத்தை ஃபைபர் ஆப்டிக் கேபிள் ஒன்று ஸ்ட்ரோப்புக்குக் கொண்டு போகும். அதைக் கண்டதும் ஸ்ட்ரோப் மின்னும். மின்கம்பி இணைப்பு இல்லாததால், அந்த வழியில் நீர் கசியும் பயமும் இல்லை. மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உள் ஃபிளாஷ் கிடையாது. அவற்றுக்கு, உறைக்குள் வைக்கும் தனி டிரிகர் கருவியோ மின்கேபிளோ தேவைப்படும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய அம்சங்கள்

டி.டி.எல். வசதி: எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதைக் கேமராவே முடிவு செய்யும். புதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், கையால் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருப்பது நல்லது. பழகப் பழக அதுதான் கைகொடுக்கும்.

வெளிச்ச வலு: இதை கைடு நம்பர் என்ற எண்ணால் குறிப்பார்கள். நிறுவனங்கள் பொதுவாகக் காற்றில் அளந்த எண்ணையே தரும். நீருக்குள் வலு வெகுவாகக் குறையும். இனோன் எஸ்-2000 என்ற சிறிய ஸ்ட்ரோப்பின் எண் 20. இனோன் இசட்-330-இன் எண் 33. மீன், நத்தை, நண்டு என்று அருகில் போய் எடுப்பவருக்குச் சிறியதே போதும்.

வெளிச்சம் பரவும் கோணம்: அகன்ற காட்சி எடுக்க 100 பாகை அளவுக்கு விரிவது நல்லது. பெரிய பவளப்பாறைக்கு 2 ஸ்ட்ரோப் தேவைப்படலாம். முதல் ஆண்டில் ஒன்றோடு பழகுவதே சிக்கனம்.

மறுபடி தயாராகும் நேரம்: ஒருமுறை மின்னிய பிறகு அடுத்த மின்னலுக்கு எத்தனை விநாடி ஆகும் என்று பாருங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரிகள், சாதாரண ஆல்கலைன் பேட்டரிகளைவிட வேகமாகத் தயார் செய்யும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்ட்ரோப் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அதன் வெளிச்சமும் நீரைக் கடந்துதான் போய் வர வேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். கலங்கிய நீரில் அரை மீட்டருக்குள் நெருங்கினால்தான் நல்ல படம் கிடைக்கும்.

பழைய பொருள் வாங்கும்போது

பழைய ஸ்ட்ரோப் பாதி விலைக்குக் கிடைத்தால் ஆசை வரும். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கலாம். முழு வலுவில் பத்து முறை மின்ன வையுங்கள். மிக முக்கியமாக, உங்கள் கேமராவோடு இணைத்துச் சோதியுங்கள். டிஜிட்டல் கேமராக்கள் டி.டி.எல். முறையில், படத்துக்கு முன் ஒருமுறை சிறிதாக மின்னும். ஃபிலிம் காலத்து ஸ்ட்ரோப் அந்த முன்மின்னலுக்கே மின்னிவிடும். படம் இருட்டாகவே வரும்.

நீர் புகாமல் காப்பது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். அதில் ஒரு முடி சிக்கினாலும் நீர் புகுந்துவிடும். மூடுமுன் சுத்தம் பாருங்கள். நிறுவனம் சொல்லும் கிரீஸை மட்டும் பூசுங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல நீரில் ஊற வைத்து, நன்றாக உலர்ந்த பிறகே திறக்க வேண்டும்.

புதிய பொருளை முதலில் நீச்சல் குளத்தில் சோதிக்கலாம். பேராவில் நிறைந்திருக்கும் பழைய ஈய லம்பக் குட்டைகள் அதற்கு இடமில்லை. அங்கே கரை சரியும். ஆழம் சட்டென்று மாறும். கலங்கலில் எதுவும் தெரியாது.

முதலில் உடல், பிறகு கேமரா

கடலடியில் அசையாமல் மிதக்கத் தெரியாதவர் கையில் ஸ்ட்ரோப் கூடுதல் சுமை. படத்திலேயே கண்ணை வைத்திருந்தால் காற்றின் அளவும் ஆழமும் துணைவரும் மறந்து போகும். துடுப்புக் காலால் ஒருமுறை உதைத்தால், பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் உடைந்துவிடும். மிதவைக் கட்டுப்பாடு கைவந்த பிறகே கேமராவைக் கொண்டு இறங்குவது முறை.

மூச்சுக்குழாயோடு மேலே நீந்தி, 2 அல்லது 3 மீட்டர் ஆழத்தில் படம் எடுப்பவருக்கு ஸ்ட்ரோப் அவசியமே இல்லை. வெயில் நன்றாக இருக்கும் வேளையில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, கேமராவின் ஒயிட் பேலன்ஸைச் சரி செய்தாலே போதும். கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழை. அந்த மாதங்களில் பணம் சேர்த்து, விலை விசாரித்து, குளத்தில் பழகி வைத்தால், மார்ச்சில் கடல் அமைதியாகும்போது கையும் கருவியும் தயாராக இருக்கும்.