வாங்கும்போதே விற்கப் பார்

வீட்டு விலை என்பது மண்ணுக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. இரண்டில் கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், மண் பெரும்பாலும் விலை ஏறும். அதனால்தான் பழைய வீடு கைமாறும்போது மொத்தப் பணத்தில் பெரும்பங்கு மனைக்கே போகிறது. வீட்டின் குறைகளையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டும். கட்டடத்தின் குறை செலவு செய்தால் தீரும். மனையின் குறையும் பத்திரத்தின் குறையும் வீட்டை இடித்துக் கட்டினாலும் போகாது.

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் உள்ள ஜெயமங்கலம் போன்ற ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் வேண்டாம் என்று போனாலும் பதினொன்றாவது ஆள் வருவார். இங்கே வீடு தேடி வருபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், அவர்களின் சொந்தபந்தங்கள், திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்ச் சம்பாதித்துத் திரும்புபவர்கள். எண்ணிக்கை குறைவு. இவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பும் ஒரு குறை, பழுதுபார்க்கும் செலவைவிடப் பலமடங்கு விலையைக் குறைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் குறைகளில் முதலாவது மேல்தளம். தளத்தின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் துரு ஏறிவிட்டது என்று பொருள். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். விற்பதற்கு முன்பு அதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடிப்பது பழைய வழக்கம். குச்சியால் தட்டிப் பார்த்தால் ஒட்டாத இடம் வெற்றொலி கொடுக்கும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பு அடித்தளம் அமிழ்ந்ததைச் சொல்லும். அதற்கு மேஸ்திரி சொல்வது போதாது, கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். ஒரே வீட்டை ஐப்பசி மழையில் ஒருமுறையும், கிணறும் ஆழ்துளைக் குழாயும் வற்றும் சித்திரையில் ஒருமுறையும் பார்த்தவரை ஏமாற்றுவது கடினம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர், கோடையில் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மனையின் குறையில் முதலில் நிற்பது தண்ணீர் போகும் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையில் அடைமழை பெய்து சோத்துப்பாறை அணை நிரம்பி வழியும்போது, பெரியகுளம் தொடங்கி வராக நதிக்கரை ஊர்கள் பலவற்றுக்கும் வெள்ள எச்சரிக்கை விடுவது வழக்கம். ஆற்றோரமும் வாய்க்காலோரமும் விலை மலிவாகக் கிடைக்கும் மனைக்கு அந்த மலிவே எச்சரிக்கை. கண்மாய், வாய்க்கால், ஓடை எனப் பதிவேட்டில் உள்ள நிலம் நீர்நிலைப் புறம்போக்கு. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் இருந்தாலும் அதற்குப் பட்டா கிடைக்காது. ஏரி, கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் உள்ள வீட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

தெருக்குத்து (தெரு நேரே வந்து முட்டும் மனை), தெற்குப் பார்த்த வாசல் போன்றவை வேறு வகை. நம்பிக்கை இல்லாதவருக்கு இவை குறையே அல்ல. ஆனால் அடுத்து வாங்குபவருக்கு நம்பிக்கை இருக்கும். ஆகவே வாங்கும்போது அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளலாம், விற்கும்போது அதே குறைப்பைத் தானும் கொடுக்க நேரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. நான்கு சக்கர வண்டி நுழையாத சந்து இதைவிடப் பெரிய குறை. பல குடும்பங்கள் சந்துக்குள் இருக்கும் தாத்தா வீட்டை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே மனை தேடுவதற்குக் காரணமே கார் நிறுத்த இடம் இல்லாததுதான்.

ஊர் நடுவில் இருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் இருப்பவை, ஒன்றோடொன்று ஒட்டியவை. இங்கே பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று எழுதியதை நாடாப் பிடித்து அளந்தால், பாகப்பிரிவினையில் போன இரண்டடி அங்கே தெரியவரும். ‘வடபுறச் சுவர் பொது’ என்று ஒரு வரி இருந்தால் அந்தச் சுவரை வாங்குபவர் தன் விருப்பத்துக்கு இடிக்க முடியாது. ‘பொது நடைபாதைப் பாத்தியம் உட்பட’ என்றிருந்தால் பின்வீட்டார் முன்வீட்டின் ஓரமாக நடந்து போகும் உரிமையும் சேர்ந்தே விலைக்கு வருகிறது. மாடி எடுக்க நினைப்பவருக்கு இந்த ஒரு வரியே திட்டத்தை மாற்றிவிடும்.

ஊருக்கு வெளியே போடப்படும் புதிய பிளாட்டுகளில் சிக்கல் வேறு. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்கே அது பொருந்தும். அங்கீகாரம் இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடன் கிடைக்காத சொத்தை மொத்தப் பணமும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும், அவர் அதற்கேற்ப விலையை அடித்துத்தான் கேட்பார்.

வில்லங்கச் சான்று எடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைவது பொதுவான தவறு. பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். மதுரை, தேனிப் பக்கம் ஒத்திக்கு வீடு விடுவது அதிகம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பவர், அந்தத் தொகை திரும்பக் கைக்கு வரும்வரை வெளியேற மாட்டார். பதிவு செய்யாமல் பத்திரத்தாளில் மட்டும் எழுதிக்கொண்ட ஒத்தி வில்லங்கத்தில் தெரியாது. வீட்டில் யார், எந்த ஏற்பாட்டில் குடியிருக்கிறார்கள் என்று நேரில் போய்க் கேட்பது ஒன்றே வழி. பூர்வீகச் சொத்தானால் பெண்மக்களின் கையெழுத்தும் வேண்டும். 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்கள், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கைத் தந்தன. ‘தங்கச்சி ஒன்றும் கேட்காது’ என்ற அண்ணனின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய வீட்டை அடுத்தவருக்கு விற்கப் போகும்போது அந்த அடுத்தவரின் வழக்கறிஞர் அதை நம்ப மாட்டார்.

இனிக் கணக்கு. கிரயப் பதிவுக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இவை மட்டும் 1,80,000 ரூபாய். (2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு.) தரகும் ஆவணச் செலவும் பழுதுபார்ப்பும் சேர்ந்தால் 22 லட்சத்தைத் தாண்டும். அதற்குக் கீழே விற்றால் நட்டம். இரண்டாண்டுக்குள் லாபத்துக்கு விற்றால் அந்த லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். அதற்குப் பிறகு விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 விழுக்காடு.

வருங்கால வளர்ச்சியைச் சொல்லி விலை ஏற்றும் பேச்சுக்கு இந்த மாவட்டத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. அகல ரயில் பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி ரயில், தேனிக்குத் திரும்பி வந்தது 2022 மே 26-இல், போடி வரை ஓடியது 2023 ஜூன் 15-இல். வரப்போகும் ரயிலுக்கு அன்றே பணம் கொடுத்தவர் பதினோரு ஆண்டு வட்டியை இழந்தார்.

இந்தச் செலவையும் காத்திருப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாறு ஆண்டுக்குள் ஊர் மாற வேண்டியிருக்கும் குடும்பத்துக்கு, ஜெயமங்கலம் அளவுள்ள ஊரில் கடன் வாங்கி வீடு வாங்குவதைவிட வாடகைக்கு இருப்பதே லாபம்.