பன்னிரண்டு வயதில் இடப்படும் மதிப்பு

பள்ளிப் பருவத்தில் ஒரு சிறுவனின் ஆட்டத்திற்கு இடப்படும் தரம், பிற்காலத்தில் அவன் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரனாக விளங்குவான் என்பதை முன்னறிவிக்குமா? இது திடலோடு நின்றுவிடும் வினா அன்று. தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. புக்கிட் ஜாலிலில் 1996 முதல் இயங்கிவரும் விளையாட்டுப் பள்ளி போன்றவையோ படிவம் ஒன்றிலேயே மாணவரைச் சேர்க்கின்றன. ஆகவே, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ்ப்பள்ளியில் பயிலும் சிறுவனைத் தேர்வாளர் கண்ணுக்கு முன்னே கண்டவர் பெரும்பாலும் அவனுடைய ஆசிரியரே.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு லுக்மான் ஹக்கிம். 2018ஆம் ஆண்டு கோலாலம்பூர் வட்டாரத்தில் நடைபெற்ற பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் 5 கோல்கள் அடித்தார். மறு ஆண்டு, 2002இல் பிறந்த உலக இளைஞருள் சிறந்த 60 பேரென இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழ் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பெல்ஜியத்துக் கோர்ட்ரெய்க் கழகம் அவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. ஆயினும் அங்கு முதல் அணியில் அவர் ஆடியது மிகச் சில நிமிடங்களே. பின்னர் ஐஸ்லாந்துக் கழகமொன்றிற்கு இரவலாக அனுப்பப்பட்டார். அதன்பின் ஜப்பான் சென்றார். 'பட்டியல் பொய்த்தது' என்றனர் பலர்.

அவ்வாறு கூறுதல் அவசரமே. இங்கு இரு வினாக்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பட்டியலில் இருந்தோருள் எத்தனை பேர் உயர்ந்தனர் என்பது ஒன்று. உயர்ந்தோருள் எத்தனை பேர் பட்டியலில் இருந்தனர் என்பது மற்றொன்று. கணக்கிற்காக, தேர்ந்தெடுக்கப்பட்டோர் 10 பேர், விடுபட்டோர் 1,000 பேர் எனக் கொள்க. முன்னவருள் 3 பேரும் பின்னவருள் 10 பேரும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆயினர் என்க. நூற்றுக்கு முப்பது எங்கே, நூற்றுக்கு ஒன்று எங்கே! தேர்வு பலித்தது என்றே கூறவேண்டும். ஆனால் உயர்ந்த பதின்மூவருள் பதின்மர் விடுபட்டோர் அல்லரோ?

அமெரிக்காவில் நிகழ்வதும் இதுவே. அந்நாட்டில் கால்பந்து எனப்படுவது கையில் பந்தேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கு உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு விண்மீன்களால் தரமிடுகின்றனர். ஐந்து விண்மீன் பெறுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பதின்மரே. அவருள் தொழில்முறை அணி சேர்வோரின் விகிதம் மிக உயர்ந்தது. எனினும் அவ்வணிகளை நிரப்புவோருள் பெரும்பாலோர் மூன்று விண்மீனும் அதற்குக் குறைவும் பெற்றவரே. நாமறிந்த கால்பந்திலும் சான்றுண்டு: ஷெஃபீல்டு வென்ஸ்டே கழகம் பதினாறு வயதில் கைவிட்ட ஜேமி வார்டி, 2016இல் லெஸ்டர் அணியோடு இங்கிலாந்தின் முதன்மைப் பட்டத்தை வென்றார்.

தேர்வு பலிப்பதில் ஒரு பகுதி தேர்வினாலேயே விளைவது. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்றுநர், நல்ல திடல், நல்ல உணவு ஆகியவை கிட்டுகின்றன. விடுபட்டவனோ மாலையில் அடுக்குமாடி வீட்டின் கீழே பந்துதைக்கிறான்.

பிறந்த திங்களும் ஏமாற்றும். ஒரே ஆண்டில் பிறந்தோரை ஒரே வயதினராகக் கொள்வதால், ஜனவரிச் சிறுவனும் டிசம்பர்ச் சிறுவனும் ஒரே திடலில் நிற்கின்றனர். பன்னிரண்டு வயதில் பதினொரு திங்கள் சிறிய இடைவெளி அன்று. பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தோரே மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். முதிர்ச்சியைத் திறமை என்று எண்ணிவிடுகின்றனர். கிள்ளான் துறைமுகத்தில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற காவலர். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசிய அணியில் விளங்கியவர். அக்கைகளின் நீளத்தைப் பன்னிரண்டு வயதில் எவர் அளந்திருக்க முடியும்?

இக்குறையை நீக்க, பிறந்த ஆண்டால் அன்றி உடல் வளர்ச்சியால் குழு பிரித்து ஆடவைக்கும் முறையை இங்கிலாந்துக் கழகங்கள் சில மேற்கொண்டு பார்த்துள்ளன. சிறுவனின் உயரம், எடை, வயது, பெற்றோரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டே அவன் வளர்ச்சியை மதிப்பிடுகின்றனர். ஒரு பள்ளியின் குறிப்பேட்டிலும் எழுதிவைக்கக் கூடியவையே அவை.