ஆறு தூங்கும்வரை காத்திருப்பதா?

பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆறு கடந்த கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளைகள் வெகு சிலரே இருப்பார்கள். ஆறு விழித்திருக்கும் சமயத்தில் அதில் இறங்குவது ஆபத்து என்பது குருவின் அபிப்பிராயம். ஆகவே ஒரு சீடன் எரிகின்ற கொள்ளிக்கட்டை ஒன்றை எடுத்துச் சென்று தண்ணீரில் தோய்த்தான். 'சுர்' என்று சத்தம் எழுந்தது; புகையும் கிளம்பியது. "ஐயையோ, ஆறு விழித்துக்கொண்டல்லவா இருக்கிறது!" என்று அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். பிறகு நெருப்பு அணைந்துபோன அதே கட்டையை மறுபடியும் தோய்த்துப் பார்த்தார்கள். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆறு அயர்ந்து தூங்குகிறது என்று தீர்மானித்து, மூச்சுக் காட்டாமல் அடிமேல் அடி வைத்து அக்கரை சேர்ந்தார்கள்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி வரும் நமக்கு, அச்சிரிப்பின் நடுவே ஒரு சங்கடமும் தோன்றுவதுண்டு. அந்நிய பாஷை என்னும் ஆற்றின் கரையில் நம் பிள்ளைகள் நிற்கும் நிலை இதுதானே? இலக்கணம் முழுவதும் வரட்டும், உச்சரிப்புத் திருந்தட்டும், பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ஆறு தூங்குவதுமில்லை, அவர்கள் கடப்பதுமில்லை.

நாமும் அப்படி நின்றவர்தாம். நமது பத்தாவது வயதில், தீவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்கக் கூடாத எழுத்து ஒன்றை ஒலித்துவிட்டோம். உபாத்தியாயர் நம்மைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தி, அதையே பத்துத் தடவை உரக்கச் சொல்லச் செய்தார். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அதன் பிறகு மூன்று வருஷ காலம் அந்த வகுப்பறையில் நாம் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு கொள்ளிக்கட்டையின் 'சுர்' அவ்வளவு நெடுநேரம் காதில் ஒலிக்கக்கூடியது!

ஏலாக்குறிச்சியில் ஒரு மாணாக்கர்

பரமார்த்த குருவின் கதை பிறந்த காரணம் யாது என்று விசாரித்தால், நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தாருக்கு மிகவும் நெருங்கிய விஷயம் ஒன்று வெளிப்படும். அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கத்தில், ஏலாக்குறிச்சி என்ற கிராமம் இருக்கிறது. திருக்காவலூர் என்றும் அதற்குப் பெயர் உண்டு. அங்குள்ள அடைக்கல மாதா கோயிலைச் சார்ந்து நெடுங்காலம் வாழ்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலி தேசத்தில் காஸ்திக்லியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்பவரே அவர்.

மதத் தொண்டராக அவர் செய்த காரியங்களைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவரை ஒரு மாணாக்கராகவே இங்கே நினைத்துப் பார்க்கிறோம். ஏறக்குறைய முப்பதாவது வயதில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த அம்மனிதருக்கு, லகரமும் ளகரமும் ழகரமும் எத்தகைய தண்டனையாக இருந்திருக்கும்! எத்தனை தடவை தவறாகப் பேசி, எத்தனை பேர் நகைக்கக் கேட்டிருப்பார்! ஆயினும் அவர் கரையில் நின்றுவிடவில்லை. தேம்பாவணி என்ற காவியத்தையும், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணத்தையும் இயற்றினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். பழைய நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர்கள்தாம் சொற்பொருள் காணலாம் என்ற நிலை மாறி, எழுத்து வரிசையில் தேடிப் பொருள் காணும் வசதி அதனால் நமக்குக் கிடைத்தது. சொல்லைத் தேடித் தடுமாறிய ஓர் அந்நியரின் கஷ்டம், அந்தப் பாஷைக்கு உரியவர்களுக்கே உபகாரமாக முடிந்தது.

இவ்வளவு பெரும் பணிகளைச் செய்தவர், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களை ஒரு பைத்தியக்கார குருவுக்குப் பின்னால் நடக்கவிட்டு ஏன் வேடிக்கை பார்த்தார்? ஐரோப்பாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே தமிழ் படிக்கட்டும் என்பதற்காகத்தான்! தமிழ்க் கதையோடு லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே எழுதி வைத்தார். எட்டே கதைகள். அவற்றுட் பெரும்பாலானவை பிரயாணக் கதைகள்: ஆறு கடப்பது, குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கி வருவது, வாடகை மாட்டில் ஏறிப் போவது, கிழக் குதிரையில் மடத்துக்குத் திரும்புவது ஆகியவை.

1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் இந்நூலை லண்டனில் அச்சிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டி ஆகியவற்றோடு, முதற் கதையைப் பகுத்து விளக்கும் பகுதியும் அதில் உண்டு. சென்னையில் உத்தியோகம் பார்த்துத் தமிழ் கற்ற இந்தப் பாபிங்டனே பிற்காலத்தில் வைத்தியராகி, 1829-இல் தொண்டைக்குள் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் கருவியையும் செய்தார். நம் ழகரம் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டாரோ என்னவோ, நமக்குத் தெரியாது!

கதை எப்படிப் பாடமாகிறது?

ஆறு கடந்த கதையை மறுபடியும் கவனியுங்கள். 'விழித்திருக்கிறது', 'தூங்குகிறது' என்ற இரண்டு வினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. போ, பார், தொடாதே, பேசாதே என்று ஏவல்கள் வருகின்றன. அக்கரை சேர்ந்ததும் சீடர்கள் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறபடியால் ஐந்தே பேர் இருக்கிறார்கள். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஓலமிடுகிறார்கள். கடைசியில் ஒரு வழிப்போக்கன் கழியால் முதுகில் ஒவ்வோர் அடி வைத்து, ஆறு பேரையும் எண்ணிக் காட்டுகிறான். ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களை இதைவிடச் சுகமாக எந்தப் பாடப் புத்தகம் கற்றுக்கொடுக்கும்?

இது ஐரோப்பியர் கண்டுபிடித்த ரகசியம் என்று நினைத்துவிட வேண்டாம். மந்தபுத்தியுள்ள ராஜகுமாரர்களுக்கு விஷ்ணுசர்மா நீதி புகட்டியது மிருகக் கதைகளைக் கொண்டல்லவா? இந்தப் பஞ்சதந்திரக் கதைகளையும் பரமார்த்த குருவின் கதையையும் ஒன்றாகச் சேர்த்து, மைசூர்ப் பக்கத்தில் நெடுநாள் வாழ்ந்த துபுவா பாதிரியார் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அது 1826-இல் பாரிஸில் வெளியாயிற்று. ஆகவே, அன்று ஐரோப்பியர் தமிழுக்கு வந்த பாலத்தின் வழியாகவே, இன்று நம் பிள்ளைகள் பிரெஞ்சுக்குப் போகலாம். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொற்கள் மட்டுமே புதியவை. தெரிந்த வழியில் புது வண்டி ஏறிப் போவது போன்றது அது.

திண்ணையில் நடந்த சோதனை

பெரம்பலூரில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில், சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டி இந்த முறையைச் சோதித்துப் பார்த்தோம். முதலில் கதையைத் தமிழில் சொல்லுவோம். பிறகு அதையே பத்துச் சிறிய பிரெஞ்சு வாக்கியங்களில் சொல்லுவோம். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு விளையாட்டு.

பல்லாங்குழியில் ஜெர்மன் எண்கள் வந்து குடியேறின. ஒவ்வொரு குழியிலும் புளியங்கொட்டையைப் போடும்போது ஐன்ஸ், த்ஸ்வை, த்ரை என்று உரக்கச் சொல்ல வேண்டும். நூறு தடவை எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள், இங்கே இருநூறு தடவை தாமாகவே சொல்லுகிறார்கள். பெரம்பலூர் நகருக்கு இன்றும் இருப்புப்பாதை கிடையாது. ஆனால் நமது திண்ணைக்கு உண்டு. ஒருவன் டிக்கட் கொடுப்பவன்; மற்றவர்கள் பிரயாணிகள். எங்கே போகிறாய், எத்தனை பேர், என்ன விலை என்ற மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னவர்களே வண்டி ஏறலாம்.

பரமபதத்துக்கு மட்டும் ஒரு விசேஷ விதி வைத்தோம். தப்பாகச் சொன்னவனைப் பாம்பு கடிக்காது. வாய் திறவாதவனைத்தான் கடிக்கும். இந்த ஒரு விதியைக் கேட்டவுடன் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் மறக்க முடியாது.

ஆனால் ஒரு சிறுமி மாத்திரம் பாம்பு கடித்தாலும் கடிக்கட்டும் என்று பேசாமலே இருந்தாள். ஏழு வாரங்கள் வந்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. அவளுடைய தாயார், "வேண்டாம் என்று நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், அம்மா" என்றோம். நம்முடைய மூன்று வருஷ மௌனம் நமக்கு நினைவில் இருந்தது.

எட்டாவது வாரம் ஆறு கடக்கும் கதையை நடித்தார்கள். குருவும் சீடர்களுமாக ஆறு பேர். மட்டியாக வந்த பையன் எல்லாரையும் பிரெஞ்சில் எண்ணினான்: அன், தெ, த்ருவா, காத்ர், சேங்க். தன்னை எண்ண மறந்து, "ஐந்து பேர்தான்!" என்று அழத் தொடங்கினான். கதைப்படி அழ வேண்டியதுதான். ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த சிறுமிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஓடி வந்து, வழிப்போக்கன் கையிலிருந்த கழியைப் பிடுங்கி, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சீஸ்!" என்று கூவினாள். ஆறு என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அது. யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் திருத்தவில்லை. கணக்கு நேராக வேண்டும் என்ற ஆத்திரத்தில் பயம் எங்கோ போய்விட்டது.

நம் மண்ணின் கதை

அரியலூர்ப் பிள்ளைக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் எதற்கு என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். தாதிப் பணிக்காகவும் மேற்படிப்புக்காகவும் ஜெர்மன் பயின்று அயல்நாடு செல்வோர் இருக்கிறார்கள் என்பது ஒரு பதில். அதைவிட நெருங்கிய பதில் நம் காலடியிலேயே கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசம் கடலாக இருந்தது. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லில் சங்கும் சிப்பியும், நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரியாகிய எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார். இக்கற்களைப்பற்றி எட்வர்ட் பார்ப்ஸ் 1846-இல் லண்டனிலிருந்து ஆங்கிலத்தில் எழுதினார். பிரான்ஸ் கோஸ்மாட் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1895 முதல் 1898 வரை ஜெர்மன் பாஷையில் விரிவாக எழுதினார். நம் கொல்லைப்புறத்துக் கல்லின் சரித்திரத்தைப் படிக்க நமக்கு ஜெர்மன் வேண்டியிருக்கிறது! அதைப் படித்து வந்து தமிழில் சொல்ல வேண்டியது நம் பிள்ளைகளின் கடன்.

ஆகையால் நமது பிரயாணக் கதைகளைப் பாரிஸிலும் பெர்லினிலும் தொடங்குவதில்லை. இரண்டு பிள்ளைகள் பெரம்பலூரில் புறப்படுகிறார்கள். சாத்தனூரில் கல்மரம் பார்க்கிறார்கள். அரியலூரில் ரயில் பார்க்கிறார்கள். திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி சேருகிறார்கள். ஊர் நம்முடையது, பாஷை மட்டும் விருந்தாளி. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் வெளியேற வேண்டியதில்லை. தாய்மொழியில் கதை நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையே அந்நிய பாஷையிலும் முதலில் பேசியதை நாம் கண்டோம்.

இதை எந்தக் குடும்பத்திலும் செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம், தெரிந்த கதை ஒன்று, புதிய சொற்கள் பத்து, ஒரு விளையாட்டு, இவ்வளவே போதும். சரியான உச்சரிப்பைக் கைப்பேசியிலே கேட்டுக்கொள்ளலாம். தகப்பனாரும் தாயாரும் கூடவே கற்க வேண்டும். முதலில் தவறு செய்கிறவர்கள் அவர்களாகவே இருந்தால் மிகவும் நல்லது.

சென்ற கோடையில் அப்பிள்ளைகளை ஏலாக்குறிச்சிக்கு அழைத்துச் சென்றோம். மாலையில் கொள்ளிடத்து மணலில் இறங்கினோம். கணுக்கால் அளவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அச்சிறுமி ஒரு காய்ந்த குச்சியை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, காதை வைத்துக் கேட்டு, ஆறு தூங்குகிறது என்று பிரெஞ்சில் ரகசியமாக அறிவித்தாள். வினைச்சொல்லின் முடிவு சற்றே பிசகியிருந்தது. நாம் திருத்தவில்லை. அதற்குள் அவள் நடு ஆற்றுக்குப் போய்விட்டாள்.