பதினோரு பேர் கணக்கு
மைதானத்து மனிதர்கள் – 7

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி தாண்டியதும் சென்னையில் சில வீடுகளில் ஒரே மாதிரிப் பேச்சுதான் நடக்கும்.

“நாளைக்கு வந்துடுவ இல்ல?”

“சார்... காலைல ஒரு முகூர்த்தம் இருக்கு. முடிச்சுட்டு பத்தரைக்கு வந்துடறேன்.”

“டாஸ் ஒம்போது மணிக்குடா.”

“நாம பேட்டிங் எடுத்துட்டா பிரச்சினை இல்லையே சார்? நான் ஏழாவதா எறங்கிக்கறேன்.”

டாஸ் ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆடுகளத்தையும் வானத்தையும் பார்த்து முடிவு செய்வதாக டி.வி.யில் சொல்கிறார்கள். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் அதை முடிவு செய்வது ஆவணி மாதத்து முகூர்த்தப் பட்டியல்.

போன் செய்தவர் கிளப்பின் செக்ரட்டரி. சென்ற வாரம் மார்க்கர்களைப் பார்த்தோம். மார்க்கர் இல்லாவிட்டால் ஆடுகளம் இருக்காது, செக்ரட்டரி இல்லாவிட்டால் ஆடுவதற்கு ஆளே இருக்காது.

லீக் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் சென்னை லீக்கில் மேலே இருப்பது முதல் டிவிஷன். பாளையம்பட்டி ராஜா கேடயம் அங்கேதான். கம்பெனிகளின் அணிகள், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள், புல்தரை ஆடுகளம் எல்லாமே அங்கே உண்டு. கீழே நாலாவது, ஐந்தாவது டிவிஷன் என்று இறங்க இறங்கச் சம்பளம் காணாமல் போகும், புல்லும் காணாமல் போகும். பல இடங்களில் களிமண் மேல் கயிற்று மேட் விரித்துத்தான் ஆட்டம். ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை இருக்கிறது, மீதிப் பேருக்குப் பரீட்சை இருக்கிறது.

நான் பல வருடமாகப் பார்த்துவரும் ஒரு செக்ரட்டரி, தன் பெயர் இந்தத் தொடரில் வர வேண்டாம் என்றார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். ஆடிய காலத்தில் விக்கெட் கீப்பர். இரண்டு கைச் சுண்டுவிரல்களும் இன்றைக்கும் நேராக நிற்காது. காபி டம்ளரை நான்கு விரல்களால்தான் பிடிப்பார். ஸ்கூட்டரின் முன்பக்கம் கிட் பேக், பின்சீட்டில் தண்ணீர் கேன். ஏழரை மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுவார். “நான் வந்து நின்னாத்தான் அவனுங்களுக்கு இன்னைக்கு மேட்ச்னு நம்பிக்கை வரும்” என்பார்.

அவருடைய முதல் வேலை ஒரு தாளில் பதினோரு பெயர் எழுதுவது. கேட்க எளிதாக இருக்கும். டாஸுக்கு முன்னால் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது கிரிக்கெட் விதி. எழுதியபின் எதிரணி கேப்டன் சம்மதித்தால்தான் மாற்றலாம். முகூர்த்தத்துக்குப் போனவன் பெயரை எழுதினால் அவன் வரும்வரை பத்துப் பேரோடு ஆட வேண்டும். எழுதாமல் விட்டால் அவன் பத்தரை மணிக்குப் பட்டு வேட்டியோடு வந்து நின்று ஒரு வாரம் பேசாமல் இருப்பான். வந்து சேர்ந்தாலும் உடனே பந்தைக் கையில் கொடுத்துவிட முடியாது. களத்தில் இல்லாத நேரத்துக்கு ஈடாகக் காத்திருந்துதான் பந்து வீச வேண்டும் என்று அம்பயர் தடுத்துவிடுவார். பதிவு செய்யாத பையனை இறக்கிச் சமாளிக்கலாம் என்றால் புள்ளியே போய்விடும்.

ஆபீசில் ரிலீஸ், நைட் ஷிப்ட், மாமியார் வீட்டு விசேஷம், திடீர் காய்ச்சல் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாயிறு காலை ஆறு மணிக்குத்தான் வரும். அதற்கென்றே அவர் இரண்டு பேரைக் கைவசம் வைத்திருக்கிறார். ஒருவர் நாற்பத்தைந்து வயது ஆஃப் ஸ்பின்னர். எப்போது கூப்பிட்டாலும் “எந்த கிரவுண்டு சார்?” என்று மட்டும்தான் கேட்பார்.

அடுத்தது பணம். 2024ல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நல்லா ஆடற பசங்க லீக்ல ஏன் இல்ல?” என்று ஒரு நண்பர் கேட்டார். படம் வேறு பதில்களும் சொல்கிறது. ஆனால் செக்ரட்டரியின் நோட்டுப் புத்தகத்திலும் ஒரு பதில் உண்டு. ரப்பர் பந்துக்கு ஒரு காலி இடமும் ஒரு மட்டையும் போதும். ஸ்டிச் பால் கையில் எடுத்தால் பேடு வேண்டும், ஹெல்மெட் வேண்டும், மேட் வேண்டும், அம்பயர் வேண்டும், மைதான வாடகை வேண்டும். மதியம் பதினோரு பேருக்குச் சாப்பாடு வேண்டும். அவர் நோட்டில் ‘புது பால், அம்பயர், கிரவுண்டு, சாப்பாடு, மார்க்கர், டீ’ என்று வரிசையாக இருக்கும். வரவுப் பக்கத்தில் பழைய ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேர், ஒரு மருந்துக்கடைக்காரர். குறையும் தொகைக்கு எதிரே ‘சுயம்’ என்று எழுதிவைக்கிறார். வீட்டுக்காரம்மா அந்த நோட்டைப் பார்த்ததில்லை என்பது அவர் நம்பிக்கை.

சொந்தப் பையிலிருந்து எடுத்து ஆட வைக்கிற இந்த வழக்கம் இந்த ஊரில் புதிதல்ல. 1846ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. இந்தியர்களுக்கென்று 1888ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் புச்சி பாபு நாயுடு. பணக்கார துபாஷ் குடும்பத்தில் வளர்ந்தவர். மட்டையும் உடுப்பும் வாங்கிக் கொடுத்து, ஏழைப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு ஆட வைத்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர், 1908ல் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலேயே இறந்துபோனார். அவரைத் தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர் இந்த ஊரின் முதல் செக்ரட்டரி.

வேலை வாங்கிக் கொடுத்து ஆள் சேர்க்கும் வழியும் பழசுதான். திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம்.ஜே.கோபாலனைக் கண்டெடுத்து பர்மா ஷெல்லில் வேலைக்குச் சேர வழி செய்தவர் சி.பி.ஜான்ஸ்டன். 1934 நவம்பர் 4ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் அந்தக் கோபாலன். மெட்ராஸும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார்.

இனி மேட்டுக்கு வருவோம். செக்ரட்டரி அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

கொட்டகையில் சுருட்டி வைத்திருக்கும் கயிற்று மேட்டைத் தூக்க ஐந்தாறு பேர் வேண்டும். முந்தைய நாள் மழையில் நனைந்திருந்தால் இன்னும் இரண்டு பேர். மார்க்கர் தண்ணீர் தெளித்து உருட்டி வைத்திருக்கும் களிமண் மேல் அதைப் பிரித்து விரிப்பார்கள். ஒரு முனையில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, மறுமுனையை நான்கு பேர் குதிகாலை ஊன்றி இழுக்க வேண்டும். இழுத்த இழுப்பு விடாமல் இருக்கும்போதே இரண்டு ஓரத்திலும் ஆணி இறங்க வேண்டும். செக்ரட்டரி குனிந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். கை எங்காவது ஏறி இறங்கினால், “இங்க ஒரு மடிப்பு, எடுங்கடா.” குட் லெங்த் பந்து விழும் இடத்தில் மடிப்பு இருந்தால் ஒருத்தன் பல் போய்விடும். கடைசியில் கிரீஸ் கோடு. விதிப்படி மேட் குறைந்தது 58 அடி நீளம் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்து பேட்டிங் கிரீசுக்கும் அந்தப் பக்கத்து பேட்டிங் கிரீசுக்கும் உள்ள தூரம் சரியாக அவ்வளவுதான். அந்த அளவோடு மேட் நின்றுவிட்டால் பவுலர் ஓடி வந்து கால் ஊன்றுவது மண்ணில்தான். அங்கே பள்ளம் விழுந்தால் கணுக்கால் திரும்பும். செக்ரட்டரி ஒரு சின்ன சாக்கில் மண் வைத்திருப்பது அதற்காக.

மேட்டை எவ்வளவு இழுத்துக் கட்டுகிறோம் என்பதில் பாதி ஆட்டம் இருக்கிறது. விறைப்பாக இருந்தால் பந்து நெஞ்சுக்கு எழும்பும். தளர்ந்திருந்தால் பிடித்துத் திரும்பும். மதியம் வெயிலில் மேட் கொஞ்சம் நெகிழும், அப்போதுதான் அந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் கேப்டனைப் பார்க்க ஆரம்பிப்பார். இந்த வித்தை சர்வதேச ஆட்டத்தையே ஆட்டிவைத்த காலம் உண்டு. 1956 அக்டோபரில் கராச்சியில் மேட் விரித்து நடந்த டெஸ்டில், முதல் நாள் முழுக்க இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தது 95 ரன். ஆஸ்திரேலியா 80 ரன்னுக்கு ஆல் அவுட். ஃபஸல் மஹ்மூத் அந்த டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தார். இன்றைக்கு மேட்டில் மட்டுமே ஆடிப் பழகிய பையன் பின்காலில் கட் ஷாட் அழகாக ஆடுவான். முதல் டிவிஷன் புல்தரையில் பந்து முட்டிக்குக் கீழே தங்கும்போது திணறுவான். அதை மாற்ற ஒரு சீசன் ஆகும்.

செக்ரட்டரிக்கு மிகச் சிரமமான வேலை மேட்டும் இல்லை, பணமும் இல்லை. அப்பாக்கள்.

அகாடமியில் பயிற்சி பெறும் பதினாறு வயதுப் பையன். அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் செக்ரட்டரி பக்கம் பார்ப்பார். “சார், பையனை ஓபனிங் இறக்கினா நல்லா இருக்கும். இந்த வருஷ கிட் எல்லாம் நான் பாத்துக்கறேன்.” பையன் நன்றாகவே ஆடுவான். அவனுக்கு இடம் கொடுத்தால், எந்த கிரவுண்டு என்று மட்டும் கேட்கும் மனிதரை உட்கார வைக்க வேண்டும். அவரை வைத்தால் கிளப் மேலே ஏறாது. கீழே இரண்டு இடத்துக்குள் முடிந்தால் டிவிஷன் இறங்கவும் நேரும். நம் செக்ரட்டரி இதில் ஒரு வழி வைத்திருக்கிறார்: லீக்கின் முதல் பாதியில் பையன்கள், இறங்கும் அபாயம் வந்துவிட்டால் பழைய ஆள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. கிட் வாங்கித் தருவதாகச் சொன்ன அப்பாக்களுக்கு நியாயமாகப் படுவதில்லை. ஒருவர் மகனை வேறு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கிளப்பையே கேட்டு வருகிறவர்களும் உண்டு. சங்கத்தில் இணைந்த கிளப்புக்கு நிர்வாகத் தேர்தலில் வாக்கு இருக்கிறது. வாக்குக்கு மதிப்பு இருக்கிறவரை, தகர டப்பாவில் கணக்கு வைத்திருக்கும் கிளப்புக்கும் மதிப்பு உண்டு. “பேர் உங்க பேராவே இருக்கட்டும் சார், செலவு எங்களோடது” என்பார்கள். பல பழைய கிளப்புகள் இப்படித்தான் கம்பெனிகள் கைக்குப் போயின. அதனால் ஆட்டக்காரர்களுக்கு நல்ல மைதானமும் சம்பளமும் கிடைத்ததை மறுக்க முடியாது. ஆனால் தேர்தல் சமயத்தில் மட்டும் இவர் வீட்டுக்குப் பெரிய கார்கள் வருவதை நல்ல பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கீழ் டிவிஷனைப் பற்றி எழுதினால் இரண்டு பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர், 2010–11ல் நாலாவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். பத்து வருடம் கழித்து ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். கட்டடக் கலை படித்து வேலை பார்த்த வருண் சக்ரவர்த்தி, வேகப்பந்து வீசப் போய் முழங்காலில் அடிபட்டு, சுழலுக்கு மாறி, 2017–18ல் நாலாவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஏழு ஒருநாள் ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார். 2018 டிசம்பர் ஏலத்தில் அவருக்குக் கிடைத்தது 8.4 கோடி ரூபாய்.

அப்பாக்கள் மடக்கு நாற்காலி கொண்டுவருவது அந்த 8.4 கோடிக்குப் பிறகு அதிகமாகிவிட்டது என்கிறார் செக்ரட்டரி. அவர் கிளப்பிலிருந்து இதுவரை யாரும் ரஞ்சி ஆடியதில்லை. அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிற பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கான அம்பயர் முன்னால் ஒழுங்கான கிரிக்கெட் ஆடுவதே போதுமான காரணம் என்பதுதான் என் எண்ணமும். நட்சத்திரம் முளைத்தால் சந்தோஷம், முளைக்கவில்லை என்றால் லீக் வீண் என்று ஆகிவிடாது.

அவர் குறையெல்லாம் மைதானம்தான். மெரினா மைதானத்தில் மதியம் கடல்காற்று எழும்போது பந்து ஸ்விங் ஆகும் என்று காத்திருந்து வீசிய கதைகளை ஆசையாகச் சொல்வார். தி.நகர் சோமசுந்தரம் மைதானம் போன்ற பொது இடங்களில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும், பக்கத்து ஆட்டத்து பாயின்ட் நம் ஆட்டத்து லாங் ஆனில் நிற்பார். இப்போது அவர் அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊருக்கு வெளியே. விடியற்காலையில் கிளம்ப வேண்டும், பஸ் இல்லை, இரண்டு பேர் ஸ்கூட்டரில் மூன்று பேர் போக வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஒத்திப்போன ஆட்டங்களை எல்லாம் தை, மாசியில் திணித்தாக வேண்டும். அப்போதுதான் முகூர்த்தங்களும் குவியும், பரீட்சையும் வரும்.

சென்னை லீக்கைத் தாங்கி வந்தவை கல்லூரி, பள்ளி மைதானங்கள்தான். இன்றும் பல நிர்வாகங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன. ஆனால் பெரிய மைதானம் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டி வைக்கும் நிர்வாகங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. அவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மாதத்தில் இரண்டு ஞாயிறு திறந்துவிடுங்கள். கட்டுப்படியாகும் வாடகை வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டைக் கிளப்புகளே கொண்டுவந்து விரித்து, சாயங்காலம் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள். ஒரு கொட்டகையும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தால் போதும்.

(அடுத்த வாரம்: ஸ்கோரர்)