தங்கக் காசும் பத்து ரூபாயும்

'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பீர்' என்று போர்டு வைத்தால் படிப்போம். பலமாகத் தலையாட்டுவோம். அடுத்த கடையிலேயே, "பழத்தை ஒரு கவர்ல போட்டுக் குடுங்கண்ணே!" என்போம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம். ஆளுக்கு ஒரு கவர், ஒரு தண்ணீர் பாட்டில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்... மலையைச் சுற்றி இன்னொரு மலை! மறுநாள் காலையில் அதையெல்லாம் குனிந்து பொறுக்குகிறவர்களின் முதுகுக்கு எந்தப் புண்ணியமும் சேருவதில்லை.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர் பாட்டில் அதில் வராது.

மாவட்ட நிர்வாகம் ஒரு யுக்தி செய்தது. கார்த்திகை தீபத்துக்குத் துணிப்பையோ சணல் பையோ கொண்டு வரும் பக்தர்களுக்கு, சில வருஷங்கள் குலுக்கலில் தங்கக் காசு, வெள்ளிக் காசு கொடுத்தார்கள். அதட்டாமல், தடை போடாமல், விலாவில் லேசாக ஒரு இடி இடித்தால் மனுஷன் நல்ல பக்கம் திரும்புவான் என்று சொன்ன அமெரிக்கர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-ல் பொருளாதார நோபலே கிடைத்தது. நம்ம ஊர் இடி, தங்க இடி!

ஒரே குறை: தீபம் வருஷத்துக்கு ஒரு தடவை. பௌர்ணமி மாதாமாதம். அத்தனை தங்கத்துக்கு எங்கே போவது?

நீலகிரியைப் பாருங்கள். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பணம் வாபஸ். ஆள் தள்ளாடினாலும் பாட்டில் தள்ளாடாமல் கடைக்குத் திரும்பியது!

காரணம் எளிது. கிடைக்காத தங்கத்தைவிட, கையைவிட்டுப் போன பத்து ரூபாய்க்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும். நான் படித்த பி.காமில் இதைச் சொல்லித் தரவில்லை. சோடா பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கிய பெட்டிக்கடைக்காரருக்கு எப்போதோ தெரியும்.

கிரிவலப் பாதையிலும் தண்ணீர் பாட்டிலுக்கு இப்படி ஒரு பத்து ரூபாய் வைத்தால் என்ன? துணிப்பையையும் அதே டெபாசிட்டில் கொடுக்கலாமே! காலிகளைத் திரும்ப வாங்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், சில்லறை வேண்டும். தலைவலிதான். கடை ஊழியர் தலையில் மட்டும் கட்டாமல் தனி ஆள் போட வேண்டும். ஆனால், பொறுக்குகிற முதுகுவலிக்கு இந்தத் தலைவலி எவ்வளவோ தேவலை.

மலையைச் சுற்றினால் புண்ணியம் வரும். பத்து ரூபாய், பாட்டிலைத் திருப்பினால்தான் வரும்!