சவாசனமும் இரத்தக் கொதிப்பும்

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் சந்நிதியில் பூசணி விளக்கேற்ற நீளும் வரிசையில், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்போர் பலர் நிற்பதுண்டு. "தினமும் தியானம் செய்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?" என்று அவர்களுள் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடத் தொடங்கியது.

1969-இல் பம்பாயைச் சேர்ந்த இருதய மருத்துவர் கே. கே. தாத்தே, தம் குழுவினருடன் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் பயிற்றுவித்து, பலனை ஆய்விதழில் வெளியிட்டார். சவாசனம் எளிதென்று எண்ணுகிறோம். செய்து பார்த்தால் தெரியும். மல்லாந்து படுத்து, உடலைத் தளர்த்தி, வயிறு ஏறி இறங்க மெதுவாக மூச்சுவிட வேண்டும். உட்செல்லும் காற்றின் குளிர்ச்சியையும் வெளிவரும் காற்றின் வெதுவெதுப்பையும் நாசியில் கவனித்திருக்க வேண்டும். உறங்கிவிடலாகாது. மனம் கடைத்தெருவுக்கும் மகன் வீட்டுக்கும் ஓடும்; மீட்டுக் கொணர வேண்டும். பலருக்கு அழுத்தம் தணிந்தது, எல்லோருக்கும் அன்று.

1973-இல் இங்கிலாந்தில் மருத்துவர் சந்திரா படேல், யோக முறைத் தளர்ச்சிப் பயிற்சியை 20 நோயாளிகளுக்கு அளித்தார். 5 பேருக்கு மருந்தே நிறுத்தப்பட்டது. 7 பேருக்கு அளவு குறைக்கப்பட்டது. 4 பேருக்குக் கட்டுப்பாடு மேம்பட்டது. எஞ்சிய 4 பேருக்குப் பலனில்லை. வங்கியில் கணக்குப் பார்த்துப் பழகிய எனக்குக் கண் முதலில் செல்வது அந்தக் கடைசி நால்வரிடமே. அவர்களுள் நாம் ஒருவரா என்பதை மன அமைதி சொல்லாது, அளவுகருவிதான் சொல்லும். மருந்தைக் குறைத்ததும் மருத்துவரே, நோயாளி அல்லர்.

நாமஜெபம் செய்வோருக்கு ஒரு செய்தி. 2001-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினர் உடல்நலமுள்ள 23 பேரிடம் மந்திரத்தையும் கிறித்தவ ஜெபமாலையையும் ஒப்பிட்டனர். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைத்தன. அவ்வேகத்தில், அழுத்தத்தைச் சீர்படுத்தும் உடலின் இயல்பான அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. எனவே ஜெபத்தை அவசரமாக எண்ணி முடிப்பதில் பயனில்லை.

சிரசாசனத்தையும், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகத்தையும் கொதிப்புள்ளோர் தாமாக முயலலாகாது. ஊறுகாயும் அப்பளமும் குறையாமல் சவாசனம் மட்டும் செய்வதும் வீண்.

மாத்திரைச் செலவுக்கு அஞ்சுவோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்பு மருந்து வீட்டுக்கே வருகிறது. தீர்த்தமலை ஏற எண்ணுவோர், முன்னதாக அழுத்தத்தை அளந்து, 140/90-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டபின் ஏறலாம்.